ஒரே பூட்டு, வேறு வேறு வீடு: கொரோனா கொள்கைகளை ஜோடி போட்டுப் பார்த்தால்

பெரு நாடு 2020 மார்ச் 16 அன்று மூடப்பட்டது. அங்கே முதல் நோயாளி கண்டறியப்பட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. நியூசிலாந்து முழு ஊரடங்குக்குப் போனது மார்ச் 25 நள்ளிரவில். ஆக, முந்திக்கொண்டது பெருதான். எல்லை மூடல், தெருவில் ராணுவம், இரவு நேரத் தடை என்று எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு முடிவில் பெருவின் ஜிடிபி சுமார் 11 சதவீதம் சுருங்கியிருந்தது. 2021 மே மாதக் கடைசியில் அரசு தன் கணக்கைத் திருத்தியபோது, 69 ஆயிரத்துச் சொச்சமாக இருந்த கொரோனா இறப்பு ஒரே நாளில் 1 லட்சத்து 80 ஆயிரமானது. மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே மோசமான கணக்கு அதுதான். அதே நேரத்தில் நியூசிலாந்தின் மொத்த இறப்பு 26.

'உயிரா, பொருளாதாரமா?' என்று ஒரு தராசைத் தூக்கிக்கொண்டு அந்த நாட்களில் எல்லோரும் சண்டை போட்டோம். தராசு என்றால் ஒரு தட்டு இறங்கும்போது இன்னொன்று ஏற வேண்டும். பெருவில் இரண்டும் சேர்ந்தே இறங்கின. அதனால் தராசை ஓரமாக வைத்துவிட்டு, நாடுகளை இரண்டிரண்டாக நிறுத்திப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

சரி, பெருவில் என்ன நடந்தது? வேலை செய்பவர்களில் பத்தில் ஏழு பேருக்கு முறைசாராத் தொழில்தான். அன்றைய வருமானம் அன்றைய சாப்பாட்டுக்கு. ஏறக்குறைய பாதி வீடுகளில் ஃப்ரிட்ஜ் கிடையாது. ஃப்ரிட்ஜ் இல்லாத குடும்பத்திடம் 'வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வெளியே வா' என்று சொல்ல முடியாது. அவர்கள் சந்தைக்குப் போனார்கள், சந்தை தொற்றுக் கூடமானது. அரசு ஏழைக் குடும்பங்களுக்கு 380 சோல் (பெருவின் நாணயம்) உதவித்தொகை அறிவித்தது. நல்ல எண்ணம்தான், ஆனால் பெரும்பாலானோருக்கு வங்கிக் கணக்கே இல்லை. பணம் வாங்க வங்கி வாசலில் மணிக்கணக்கில் கூட்டமாக நின்றார்கள். ஏப்ரலில் இன்னொரு யோசனை: திங்கள், புதன், வெள்ளி ஆண்கள் மட்டும் வெளியே வரலாம், செவ்வாய், வியாழன், சனி பெண்கள் மட்டும். வீட்டுக்குச் சாமான் வாங்குவது யார் வேலை என்பதை ஆணை போட்டவர்கள் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. பெண்களுக்கான நாட்களில் சந்தைகள் பிதுங்கி வழிந்தன. ஒரு வாரத்திலேயே அந்த விதியைக் கைவிட்டார்கள். தீவிர சிகிச்சைப் படுக்கைகளும் ஆக்சிஜனும் போதாமல் போனது இதற்கெல்லாம் மேலே.

நியூசிலாந்தில் முழுநேர ஊழியர் ஒருவருக்கு வாரம் 585.80 நியூசிலாந்து டாலர் அரசின் சம்பள மானியம் என்று, 12 வாரத் தொகை மொத்தமாக முதலாளியின் கணக்கில் விழுந்தது. அந்த ஜூன் காலாண்டில் பொருளாதாரம் பத்து சதவீதத்துக்கும் மேல் சரிந்தது, அடுத்த காலாண்டிலேயே விழுந்த அளவுக்கு ஏறியும் விட்டது. தீவு நாடு, 50 லட்சம் பேர், எல்லையை மூடக் கடலே போதும் என்ற அதிர்ஷ்டத்தையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது: ஊரடங்கு ஆணை எவ்வளவு கடுமை என்பதைவிட, அதற்குக் கீழ்ப்படிந்து வீட்டில் இருக்க ஒருவருக்குக் கையில் காசு இருக்கிறதா என்பதே பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது. நான்கு மணி நேர அவகாசத்தில் மூடிய இந்தியாவில் லட்சக்கணக்கானோர் நெடுஞ்சாலையில் நடந்து ஊர் திரும்பியதும் இதே கதைதான். அந்தக் காலாண்டின் ஜிடிபி வீழ்ச்சி, முதல் மதிப்பீட்டின்படி, ஏறக்குறைய 24 சதவீதம்.

அடுத்தது எல்லோரும் இழுக்கும் ஸ்வீடன். ஊரடங்கே போடாத நாடு என்று பேர். அது முழுக்கச் சரியல்ல. 50 பேருக்கு மேல் கூடத் தடை இருந்தது, மேல்நிலைப் பள்ளிகளும் கல்லூரிகளும் இணையவழிக்கு மாறின. ஆனால் கடை, உணவகம், 16 வயதுக்குட்பட்டோரின் பள்ளி எல்லாம் திறந்தே இருந்தன. ஸ்வீடனைப் புகழ நினைப்பவர்கள் அதை ஸ்பெயினோடும் பிரிட்டனோடும் ஒப்பிடுவார்கள். நியாயமான ஜோடி பக்கத்து வீடுகள்தான்: நார்வே, டென்மார்க். ஒத்த தட்பவெப்பம், ஒத்த மருத்துவ அமைப்பு, அரசை நம்பும் மக்கள்.

முதலில் பணம். 2020 வசந்தத்தில் வங்கிப் பரிவர்த்தனைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, மூடிய டென்மார்க்கில் மக்களின் செலவு 29 சதவீதமும் திறந்திருந்த ஸ்வீடனில் 25 சதவீதமும் குறைந்ததாகக் காட்டியது. இந்த இரண்டு எண்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சட்டம் போட்டதால் கூடுதலாக நின்றது நான்கு சதவீதப் புள்ளி மட்டுமே. மீதியெல்லாம் பயத்தால் நின்றது. அமெரிக்காவில் கைபேசித் தரவை வைத்துச் செய்த ஆய்விலும் இதே சாயல்: கடைகளுக்குப் போவோர் 60 சதவீதம் குறைந்ததில் அரசு ஆணையின் பங்கு 7 புள்ளிதான். கடையைத் திறந்து வைத்தால் வியாபாரம் நடக்கும் என்ற எதிர்பார்ப்பு, ஊரில் நோய் பரவிக் கிடக்கும்போது பலிப்பதில்லை.

இனி உயிர். 2020 முடிவில் நார்வேயில் கொரோனா இறப்பு நானூற்றுச் சொச்சம், ஸ்வீடனில் ஒன்பதாயிரத்துக்கு மேல். மக்கள்தொகை இரு மடங்கு என்பதைக் கழித்தாலும் பத்து மடங்கு வித்தியாசம். ஸ்வீடனில் முதல் அலையில் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். 'நாம் தோற்றுவிட்டோம்' என்ற பொருளில் ஸ்வீடன் மன்னரே அந்த டிசம்பரில் பேசினார். 2020-ஐ மட்டும் பார்த்தால் தீர்ப்பு எளிது: அண்டை நாடுகளைவிட உயிரும் அதிகம் போனது, பொருளாதாரத்திலும் பெரிதாகச் சம்பாதித்துவிடவில்லை.

ஆனால் கணக்கை 2022 வரை நீட்டினால் படம் மாறுகிறது. வழக்கமான ஆண்டுகளைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்ற 'மிகை இறப்பு' கணக்கில், மூன்று ஆண்டுகளையும் சேர்த்தால் ஐரோப்பாவிலேயே குறைவான நாடுகளில் ஒன்றாக ஸ்வீடன் வந்து நிற்கிறது. ஊரடங்கு ஆதரவாளர்கள் 2020-ஐக் காட்டுவார்கள், எதிர்ப்பாளர்கள் 2022-ஐக் காட்டுவார்கள். இரண்டு எண்ணும் பொய்யில்லை. ஸ்வீடனுக்குச் சந்தேகமின்றிக் கிடைத்த லாபம் வேறொரு இடத்தில் இருக்கிறது, வகுப்பறையில். அங்கே சிறு பிள்ளைகளின் வாசிப்புத் திறன் பின்தங்கவில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. டென்மார்க் மூடியது, ஆனால் ஏப்ரல் 15-லேயே சின்னக் குழந்தைகளுக்குப் பள்ளியைத் திறந்துவிட்டது. எதிர் முனையில் உகாண்டா, 2020 மார்ச்சில் சாத்திய பள்ளிகளை முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரியில். இந்த நஷ்டத்தை எந்தக் காலாண்டு ஜிடிபியிலும் தேட முடியாது.

சம்பளத்தைக் காப்பாற்றுவதிலும் இரண்டு வழிகள் மோதின. ஜெர்மனி வேலையைக் காப்பாற்றியது: கம்பெனி வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், குறையும் சம்பளத்தில் பெரும்பங்கை அரசு தரும். 2020 ஏப்ரலில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். வேலையின்மை விகிதம் 5 சதவீதத்திலிருந்து ஆறரைக்குள்ளேயே நின்றது. அமெரிக்கா வேலை போனால் போகட்டும் என்று ஆளுக்குப் பணம் கொடுத்தது: வேலையின்மை உதவியோடு வாரம் 600 டாலர் கூடுதல். அதே ஏப்ரலில் அங்கே வேலையின்மை 14.7 சதவீதம். உதவி கேட்டு வந்த கூட்டத்தைத் தாங்காமல் பழைய கணினிகள் திணறின. கோபால் (COBOL) என்ற அரதப்பழசான நிரல்மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று நியூஜெர்சி ஆளுநர் பகிரங்கமாகக் கூப்பிட வேண்டியிருந்தது. நிம்மதி என்று பார்த்தால் ஜெர்மனி வழிதான் மேல். ஆனால் பழைய உயரத்தை முதலில் எட்டியது அமெரிக்கப் பொருளாதாரமே. 2021 டிசம்பரில் வேலையின்மை 3.9-க்கு இறங்கிவிட்டது. அப்புறம் 9.1 சதவீதப் பணவீக்கமும் வந்தது, பத்து லட்சம் உயிர்களும் போயின.

கடைசி ஜோடி, கதவைத் திறந்த விதம். நியூசிலாந்தும் ஹாங்காங்கும் இரண்டு ஆண்டுகள் தொற்றை ஏறக்குறைய வெளியிலேயே நிறுத்தின. 2022 தொடக்கத்தில் இரண்டுக்குள்ளும் ஒமிக்ரான் புகுந்தது. நியூசிலாந்து, 2021 டிசம்பருக்குள்ளேயே 12 வயதுக்கு மேற்பட்டோரில் 90 சதவீதத்தினருக்கு இரண்டு தவணை போட்டு முடித்திருந்தது. ஹாங்காங்கில் தடுப்பூசிக்குத் தட்டுப்பாடு இல்லை, போட்டுக்கொள்ளாதவர்கள்தான் அதிகம், அதுவும் 80 வயதைத் தாண்டியவர்களில். சில மாதங்களில் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். பூட்டு வாங்கித் தந்த கால அவகாசம் இருவருக்கும் ஒன்றே. நியூசிலாந்தும் விலை கொடுக்காமல் இல்லை. வெளிநாட்டில் இருந்த சொந்தக் குடிமக்கள், தனிமைப்படுத்தல் அறைக்காகக் குலுக்கல் போன்ற ஒரு வரிசையில் காத்திருந்தார்கள்; அந்த முறை அவர்களின் உரிமையை மீறியது என்று 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தனையிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் டென்மார்க்கைச் சொல்வேன். சீக்கிரம் மூடி, சம்பளத்துக்கு வழி செய்து, குழந்தைகளை முதலில் பள்ளிக்கு அனுப்பி, தடுப்பூசி போட்டு முடித்ததும் 2022 பிப்ரவரி 1-ல் கட்டுப்பாடுகளைத் தூக்கி எறிந்த நாடு. ஆனால் அங்கேயும் 2020 நவம்பரில், உருமாறிய வைரஸுக்குப் பயந்து, ரோமத்துக்காக வளர்த்த மிங்க் விலங்குகளை எல்லாம் கொல்ல அரசு உத்தரவிட்டது. ஆணை போட்ட பிறகுதான் அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று தெரிந்தது. அமைச்சர் பதவி விலகினார். அவசரமாக ஆழமில்லாமல் புதைத்த உடல்கள் உள்ளே வாயு சேர்ந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தன. அடுத்த ஆண்டு அவற்றைத் தோண்டி எடுத்து எரித்தார்கள்.