வெள்ளவத்தையில் ஒரு பேச்சு ஆங்கில வகுப்பு

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒழுங்கையொன்றில், பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர்களுக்கென வார இறுதியில் நடைபெறும் இந்தப் பேச்சு ஆங்கில வகுப்பின் பெறுமதி, அது நேர்முகப் பரீட்சையை மையமாகக் கொண்டிருப்பதிலேயே தங்கியுள்ளது. பாடசாலை இறுதியில் எழுதும் உயர்தரப் பரீட்சையில் பொது ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தும் அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளிக்குச் சேர்க்கப்படாததால், நம் பிள்ளைகள் பலர் அதனைப் பெயரளவில் எழுதிவிட்டு, தமிழ் மொழிமூலம் கலைப்பட்டமும் பெற்று, கடைசியில் கொழும்பின் தனியார் நிறுவனமொன்றில் தேர்வாளர் முன் அமரும்போதுதான் முதன்முறையாக ஆங்கிலத்தில் வாய் திறக்கின்றனர். இங்கே இலக்கணப் பாடம் குறைவு. மாணவர் தமது ஆய்வை ஆங்கிலத்தில் விளக்க, ஏனையோர் குறுக்குக் கேள்வி கேட்க, ஆசிரியர் இடைமறிக்காமல் குறிப்பெடுத்து இறுதியிலேயே திருத்துகின்றார். உச்சரிப்பைக் கேலி செய்யும் வகுப்புகளுக்கு இந்நகரில் பஞ்சமில்லை என்பதால், யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து தங்கிப் படிப்போருக்கு இந்தப் பொறுமை பெரிய ஆறுதல்.

எழுத்துப் பயிற்சிதான் பலவீனம். சுயவிபரக் கோவைக்குப் பழைய மாதிரிகளையே பிரதியெடுத்துக் கொடுக்கின்றனர். மின்னஞ்சல் எழுதப் பழக்குவதேயில்லை. அலுவலக வேலையில் பெரும்பகுதி மின்னஞ்சலிலேயே நடப்பதால் இது சிறு குறையன்று. வெளிநாட்டுக் கல்விக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கப்படும் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைக்கு ஆயத்தமாவோர் வேறிடம் பார்ப்பது நல்லது. வேலை தேடும் இறுதியாண்டு மாணவருக்கு, கட்டணத்தைத் தவணையாகச் செலுத்தவும் வசதியிருப்பதால், தயங்காமல் பரிந்துரைப்பேன்.