பூல் மேசையில் பணம் வைத்து ஆடக் கூப்பிட்டால் கொஞ்சம் நில்லுங்கள்

நேற்று சாயங்காலம் அவரை மறுபடி பார்த்தேன். பூல் ஆட்டத்தில் என்னை ஏமாற்றிப் பணம் பிடுங்கிய இடத்தில் இல்லை, நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி, பூலும் அதே மாதிரியான ஸ்நூக்கரும் ஆடுகிற வேறொரு பார்லரில். எதிரே இரண்டு கல்லூரிப் பையன்கள். அதில் ஒருவன் அப்போதுதான் ஜெயித்திருக்கிறான். சிரித்துக்கொண்டே போனை நீட்டினான், அவர் ஸ்கேன் செய்து பணம் அனுப்பினார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அதனால்தான் எழுதுகிறேன். சென்னையில் பூல் ஆடுகிறவர்கள், முக்கியமாக வேலை முடிந்து தனியாகப் போய் ஆடுகிறவர்கள், தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

நான் மூன்று வருடமாக ஆடுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் போவேன். எய்ட் பால் ஆட்டத்தில் (ஆளுக்கு ஏழு பந்து, அதை முடித்துவிட்டுக் கருப்பைப் போடுகிறவருக்கு ஜெயம்) எங்கள் ஆபீஸ் பையன்கள் யாரும் என்னை ஜெயித்ததில்லை. தோற்றவர் டேபிள் காசு கொடுப்பது நாங்கள் ஆடும் இடங்களில் வழக்கம். அதற்கு மேல் பணம் வைத்து ஆடியதில்லை.

அந்தச் சனிக்கிழமை நண்பன் வரவில்லை. தனியாகப் பந்து தட்டிக்கொண்டிருந்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஃபுல் ஹேண்ட் சட்டையை இன் செய்து, கையில் ஹெல்மெட்டோடு ஒருவர் வந்து நின்றார். "தம்பி, தனியாவா ஆடறீங்க? ஒரு கேம் போடலாமா? நான் எப்பவாவதுதான் வருவேன், பார்த்து ஆடுங்க" என்றார். பேச்சில் அவ்வளவு மரியாதை. முதல் ஆட்டம் சும்மா. அப்புறம், "200 ரூபா வச்சுக்கலாம் தம்பி, அப்பத்தான் கவனம் வரும்" என்றார். சரி என்றேன்.

நான்கு ஆட்டத்தில் மூன்று ஜெயித்தேன். அந்த மூன்றிலும் அவர் தோற்ற விதத்தைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தன் ஏழு பந்தையும் தட்டுத் தடுமாறிப் போட்டு முடித்துவிடுவார். மிச்சம் கருப்பு மட்டும். ஒரு தடவை கருப்பு பாக்கெட் வாயில் வந்து நின்றுவிட்டது. மற்ற இரண்டு தடவையும் கருப்பு விழுந்தது, பின்னாலேயே, க்யூ என்ற கோலால் நாம் அடிக்கிற வெள்ளைப் பந்தும் உருண்டு போய் விழுந்தது. அப்படி விழுந்தால் ஆட்டம் எதிராளிக்கு. "அடடா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது. நேராக இருக்கிற பந்தைப் போட்டு, வெள்ளையையும் அதே பாக்கெட்டுக்குள் அனுப்ப, வெள்ளையின் மேல்பாதியில் அளவாக அடிக்க வேண்டும். ஒரு தடவை என்றால் கைதவறல். வேண்டுமென்றே செய்கிறார் என்று இரண்டாவது தடவையே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அவர் தவறவிட்ட ஒவ்வொரு அடிக்குப் பிறகும் வெள்ளைப் பந்து எங்கே நின்றது என்று நான் பார்க்கவே இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், ஒன்று குஷனோடு (மேசையின் ரப்பர் விளிம்பு) ஒட்டி நிற்கும், இல்லையென்றால் அவர் பந்துக்குப் பின்னால் மறைந்து நிற்கும். எனக்கு நேரான அடி கிடைத்ததெல்லாம் நான் ஜெயிக்க வேண்டும் என்று அவர் நினைத்த நேரத்தில்தான். சரியாக ஆடத் தெரியாதவர் தவறவிட்டால் வெள்ளை எங்காவது ஓடும், பாதி நேரம் நமக்கு வசதியாகவே நிற்கும். தவறவிட்டும் நமக்கு ஒன்றும் மிச்சம் வைக்காதவர் தெரியாமல் தவறவிடவில்லை.

நடுவில் டீ வாங்கிக் கொடுத்தார். ஸ்நூக்கர் பிறந்த கதையைச் சொன்னார். 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கியது, 1882-ல் நம் ஊட்டி கிளப்பில்தான் விதிகளை எழுதி மாட்டினார்கள், ஸ்நூக்கர் என்றால் அந்தக் காலத்து ராணுவ மாணவர் பேச்சில் முதலாண்டுப் பையன், கற்றுக்குட்டி என்று அர்த்தம். பூல் என்ற பெயரே எல்லாரும் பணம் போட்டுப் பொதுவில் வைப்பதிலிருந்து வந்ததுதான் தம்பி, பணம் இல்லாமல் இந்த ஆட்டமே இல்லை என்றார். பிறகு தேடிப் பார்த்தேன், பெயர்க் காரணம் வரை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எப்பவாவது ஆட வருகிறவருக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர் என்றுதான் நினைத்தேன். போகும்போது டேபிள் காசையும் அவரே கொடுத்தார். கையில் 400 ரூபாய் லாபத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அதே நேரத்துக்கு வந்தார். இந்த முறை சோபாவில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார், அவரைத் தெரியாதது போலவே. ஆட்டத்துக்கு 1,000 என்றார். முதல் ஆட்டம் எனக்கு. அடுத்த இரண்டும் அவருக்கு, இரண்டுமே நூலிழையில். "விடுங்க தம்பி, அவருக்கு இன்னைக்கு லக்கு அடிக்குது, ஆட்டம் உங்களுதுதான்" என்று சோபாக்காரர் என்னிடம் சொன்னார். 2,000 வைத்தேன். போனது. 5,000 வைத்தேன். அதுவும் போனது.

"கடைசியா ஒண்ணு, 10,000. ஜெயிச்சா விட்டதெல்லாம் வந்துரும்" என்றார். அப்போது ஒன்றைக் கவனித்தேன். முதல் சனிக்கிழமை முழுக்க அவர் பார்லர் சாக்கை (க்யூ முனை வழுக்காமலிருக்கத் தடவும் கட்டி) எடுத்து க்யூவின் முனையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார், புதிதாக ஆடுகிறவர்கள் செய்வது போல. அந்தச் சாக்கில் நடுவில் குழியே விழுந்திருந்தது. இப்போது சட்டைப் பையிலிருந்து சொந்தச் சாக் ஒன்றை எடுத்தார். மேல்பக்கம் சமமாகத் தேய்ந்திருந்தது. முனையின் ஓரத்தில் நாலு தடவை மெல்லத் தடவினார், பெயின்ட் அடிப்பது போல. ஸ்டாண்டிலிருந்து வேறு க்யூ எடுத்து, மேசையில் உருட்டி வளைவு இருக்கிறதா என்று பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் நின்றேன். விட்டதை எடுக்க வேண்டும் என்ற ஒன்றுதான் தலைக்குள் ஓடியது.

பிரேக், அதாவது அடுக்கிய பந்துகளைக் கலைக்கும் முதல் அடி, அவருடையது. ஒரு பந்து விழுந்தது. அதற்குப் பிறகு நான் க்யூவைத் தூக்கவே இல்லை. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் வெள்ளை அடுத்த பந்துக்கு நேராகப் போய் நின்றது. கருப்பைப் போட்டபோது வெள்ளை அதைத் தொட்ட இடத்தில் அப்படியே நின்றுவிட்டது, அரை அங்குலம் நகரவில்லை. நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அன்றைக்கு மொத்தம் 18,000 ரூபாய் போனது. அக்கா மகளுக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் நான், கம்மல் வாங்க எடுத்து வைத்திருந்த பணம் அது. கீழே இறங்கியபோது அவரும் சோபாக்காரரும் ஒரே வண்டியில் கிளம்பிப் போனதைப் பார்த்தேன்.

மறுநாள் மார்க்கர் தம்பியிடம் கேட்டேன். பந்து அடுக்குவது, நேரம் குறிப்பது எல்லாம் அவன்தான். தலையைக் குனிந்துகொண்டே, "அண்ணா, அவர் ஒரு இடத்துல ரெண்டு வாரம்தான் வருவார். சொன்னா எனக்கு வேலை போயிடும்" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கவுன்டரில் இருந்த முதலாளி, "நீங்களா விரும்பி ஆடினது சார்" என்று முடித்துவிட்டார். அவர்மேல் இருக்கிறது.

வக்கீலாக இருக்கும் நண்பனிடமும் கேட்டேன். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், 30-வது பிரிவு: பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைக் கேட்டு யாரும் வழக்குப் போட முடியாது. இது உங்களுக்கு ஒரு விதத்தில் உதவும். தோற்ற பிறகு "மீதியை நாளைக்குக் கொடு" என்று யாராவது மிரட்டினால், அது சட்டப்படி நீங்கள் பட்ட கடன் இல்லை. ஆனால் கையை விட்டுப் போன பணத்துக்கு அந்தப் பிரிவு எனக்கு உதவவில்லை. நானே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

நேற்று அந்தப் பையன்களிடம் போய்ப் பேசினேன். அவர் பாத்ரூம் பக்கம் போன நேரம் பார்த்து, எனக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். ஒருவன் உடனே பையைத் தோளில் மாட்டினான். ஜெயித்தவன் மட்டும், "அண்ணா, அவருக்கு நிஜமாவே ஆடத் தெரியல" என்றான். இந்தப் பதிவை அவனுக்கும் அனுப்பியிருக்கிறேன்.