வாய்க்கால் கரையா, குப்பனூர் ஏற்றமா: சேலத்தில் கிராவல் பைக் ஓட்ட எது தோது?

சேலத்தில் கிராவல் பைக் (தாரிலும் மண், சரளைப் பாதையிலும் ஓட்ட அகல டயர் போட்ட சைக்கிள்) வாங்கும் யாரும் கொஞ்ச நாளில் ஒரு கேள்வி கேட்பார்கள். வெளிநாட்டில் பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்களே, அந்த மாதிரி நம் பக்கம் எங்கே இருக்கிறது? இல்லை என்பதுதான் பதில். அதற்கு மாற்றாக இரண்டு வழிகள் உண்டு: மேட்டூர் வாய்க்கால் கரை, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை. எதைச் சிபாரிசு செய்வது என்பதில்தான் நண்பர்களுக்குள் ஓயாத சண்டை.

முதலில் அந்த ரயில் பாதைகளின் விசேஷம் என்னவென்று பார்த்துவிடலாம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பாதை 152 கிலோமீட்டர்; 2000ஆம் ஆண்டு திறந்தார்கள். எல்லோரும் அதன் படங்களில் சரளைக் கல்லையும் பழைய பாலங்களையும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது சரிவை. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் எளிதில் வழுக்கும், அதனால் ரயிலுக்கு ஏற்றம் ஆகாது. மேட்டைக் குடைந்து, பள்ளத்தை மேடாக்கி, ஒன்றிரண்டு சதவீதச் சரிவுக்குள் பாதையை அடக்கிவிடுவார்கள். மலைநாட்டில் ஓடினாலும் பத்து வயதுப் பிள்ளையும் அறுபது வயதுப் பெரியவரும் அதில் சேர்ந்து மிதிக்க முடிவது இதனால்தான்.

நம் ஊரில் ஏன் அமையவில்லை? இங்கே பழைய பாதைகளைக் கைவிடவில்லை, அகலப்படுத்தினார்கள். சேலம்–விருத்தாசலம் மீட்டர் கேஜ் 2007இல் அகலப் பாதையானது. அதே தடத்தில் இன்று ரயில் ஓடுகிறது. உண்மையிலேயே கைவிட்டது என்றால் பக்கத்து தருமபுரி மாவட்டத்துக் குறுகிய பாதை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் வந்து, பிறகு ஓசூர் வரை நீண்டு, 1941இல் மூடப்பட்டது. சைக்கிள் பாதைக்கு அதைவிட நல்ல தடம் கிடைக்காது. ஆனால் எண்பது வருடத்தில் வயலும் வீடும் ரோடும் ஆன இடத்தை யார் திருப்பித் தருவார்கள்? ஓடுகிற தண்டவாளத்தின் ஓரமாகப் போகிற மண் தடத்தில் ஓட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவின்படி அது அத்துமீறல். ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு.

சரி, வாய்க்காலுக்கு வருவோம். மேட்டூர் அணையிலிருந்து கிழக்குக் கரை, மேற்குக் கரை என்று இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் சுமார் 45,000 ஏக்கருக்கு இவைதான் தண்ணீர். தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதால் கால்வாயின் சரிவு ரயில் பாதையைவிடக் குறைவு, கண்ணுக்கே தெரியாது. மேட்டைக் கண்டால் வளைந்து சுற்றிப் போகும். அந்தக் கரையில்தான் நம் சைக்கிளும் போகிறது. ஓரிடத்தில் தார், ஓரிடத்தில் செம்மண், ஓரிடத்தில் டிராக்டர் சக்கரம் அறுத்துப் போட்ட இரட்டைத் தடம், நடுவில் புல். நாற்பது மில்லிமீட்டர் டயருக்கென்றே அமைந்த தரை.

ஆனால் காலம் பார்த்துப் போக வேண்டும். வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை, 137 நாள் தண்ணீர் விடுவார்கள். அந்த நாட்களில் பார்க்க அழகுதான். ஓட்ட? மழை பெய்த மறுநாள் களிமண் டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) டயருக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது. குச்சி எடுத்துச் சுரண்டி, பத்தடி தள்ளி, மறுபடி சுரண்ட வேண்டும். கான்கிரீட் பூசிய சரிவுள்ள இடங்களில் தண்ணீர் ஓடும்போது உள்ளே விழுந்தால் பிடித்து ஏற ஒன்றும் கிடைக்காது. பிள்ளைகளை அந்த மாதங்களில் கூட்டிப்போகவே கூடாது. ஆகஸ்ட் முன்பாதியில் ஆடிக் காற்று வேறு. அம்மியே பறக்கும் காற்றில் மேற்கே திரும்புகிற ஒவ்வொரு வளைவும் மலை ஏறுகிற மாதிரிதான். கரைக்கு ஏற்ற காலம் தை, மாசி. தண்ணீர் நின்று, மண் இறுகி, வெயில் இன்னும் ஏறாத நேரம்.

அப்புறம் முள். நெருஞ்சியை டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலண்ட் திரவம் அடைத்துவிடும். சீமைக் கருவேல முள் அப்படியில்லை; உள்ளே ஒடிந்து நின்று, மிதிக்க மிதிக்க ஓட்டையைப் பெரிசாக்கும். ஆகவே சீலண்டை நம்பினாலும் பையில் ஒரு டியூப், முள்ளைப் பிடுங்க ஒரு சின்னக் குறடு அவசியம். இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை: சமதரையில் இறக்கமே இல்லாததால் கால் ஓயாது. மூன்று மணி நேரம் ஒரே இருப்பில் மிதித்தால் உள்ளங்கை மரத்து, பின்புறம் கெஞ்ச ஆரம்பிக்கும்.

இனி மலை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏற்காட்டுக்கு ஏறும் பெரிய ரோட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுமார் இருபது கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டர் ஏற்றம், சராசரி ஐந்து சதவீதம். வளைவுக்கு எண் போட்டிருப்பதால் எண்ணிக்கொண்டே ஏறலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழுக்கு மேல் கார்கள் வரிசை கட்டும். வளைவில் பஸ் முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும்.

குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏறும் ரோடுதான் என் கட்சி. வண்டி குறைவு, செங்குத்து அதிகம். பத்து சதவீதத்தைத் தாண்டும் இடங்களும் உண்டு. அங்கே டயர் உதவாது, கியர்தான். முன்னால் 40 பல், பின்னால் 42 பல் உள்ள பல்சக்கரங்கள் இருந்தால் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்து மணிக்கு ஏழு கிலோமீட்டர் சொச்சத்தில் உட்கார்ந்தே ஏறலாம். தார் ரோட்டுக்கென்றே வரும் ரோடு பைக்கின் முன்னால் 34, பின்னால் 28 என்றால் அதே சுற்றுக்கு ஒன்பதுக்கு மேல் போயாக வேண்டும். முடியாவிட்டால் எழுந்து நின்று மிதிக்கணும், இல்லையென்றால் இறங்கித் தள்ளணும். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வராதீர்கள். நேரான இடத்தில் விட்டு, வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, மறுபடி விடுங்கள். சக்கர விளிம்பையே பிடிக்கும் ரிம் பிரேக் சைக்கிளில் தேய்த்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். கோடை விழா சமயத்தில் மலை ரோடுகளை ஒருவழியாக்குவது உண்டு. அப்போது குப்பனூர் பக்கம் இறங்க மட்டும்தான், அதனால் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

உண்மையைச் சொன்னால், இந்த இரண்டு ரோடும் தார். கிராவல் பைக்குக்கு இங்கே வேலையே இல்லை. மேலே போனபிறகுதான் வேலை வருகிறது. ஏற்காட்டைச் சுற்றும் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். இரு பக்கமும் சில்வர் ஓக் மரம், அதில் படர்ந்த மிளகு, கீழே காபிச் செடி. அதிலிருந்து பிரியும் மண் பாதைகளில் பல எஸ்டேட்டுக்குச் சொந்தம். வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டால் சிலர் விடுவார்கள், சிலர் மாட்டார்கள், வாக்குவாதம் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது.

ஆக, புதிதாக வாங்கியவர், குடும்பத்தோடு போக நினைப்பவர், ரயில் பாதைப் படம் பார்த்து ஆசைப்பட்டவர் எல்லோரும் தை மாதம் வாய்க்கால் கரைக்குப் போகட்டும். கிராவல் பைக்குக்குக் கொடுத்த காசு அங்கேதான் வசூலாகும். ஏற்கெனவே கால் பழகியவர்களுக்குக் குப்பனூர். ஆனால் அதற்காகப் புது சைக்கிள் வாங்க வேண்டியதில்லை, இருக்கிற சைக்கிளில் பெரிய கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) மாட்டினால் போதும். இரண்டையும் ஒரே சைக்கிளில் ஓட்டப் போகிறவர் 40 மில்லிமீட்டர் டயரோடு டிஸ்க் பிரேக் பார்த்து வாங்கலாம். தாரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி, கரையில் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். மலையில் விடியற்காலை காட்டெருமை எதிரே நின்றால் மணி அடிக்காதீர்கள், பக்கத்தில் போய்ப் படம் எடுக்காதீர்கள். இறங்கி நின்று, அது போனபிறகு ஏறுங்கள்.