ஒரு ஸ்டார் போட்ட பைண்டிங் கடைக்கு மறுபடி போனேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசியில் இந்தக் கடைக்கு ஒரு ஸ்டார் போட்டுக் கன்னாபின்னாவென்று எழுதியது நான்தான். அதை அழித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மயிலாடுதுறை மணிக்கூண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பெயர்ப்பலகை கிடையாது, யாரோ புண்ணியவான் மேப்பில் 'புக் பைண்டிங்' என்று மட்டும் குறித்துவைத்திருக்கிறார். உள்ளே ஒரு ஆள் நிற்கலாம், இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் தெருவுக்கு இறங்கவேண்டும். மைதா பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள் இல்லையா, அந்தப் பசை வாடை வாசலிலேயே வரவேற்கும். வேலை பூராவும் கைவேலை. பாரம் பாரமாக (சேர்த்து மடித்த தாள்கட்டு ஒவ்வொன்றாக) பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, நூலால் தைத்து, முதுகுக்குத் துணி ஒட்டி, ரெக்சின் போட்டுத் தருகிறார். ஸ்டேப்ளர் அடித்துத் தள்ளிவிடுகிற இடம் இல்லை.

நான் கொடுத்தது என் அப்பாயியின், அதாவது அப்பாவைப் பெற்றவரின், வேதப்புத்தகம். நாங்கள் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் சபைக் கிறிஸ்தவர்கள். 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கப்பலில் வந்து இறங்கிய ஊர், 1714-லும் 1715-லுமாகத் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சான ஊர். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகாமல், இங்கேயே சின்ன எழுத்து வார்த்து, பொறையாரில் காகித ஆலையும் போட்டார்கள். அந்த ஊர்க்காரன் வீட்டிலேயே பைபிள் முதுகு உடைந்து, ஆதியாகமம் தனியாகவும் வெளிப்படுத்தல் தனியாகவும் கிடந்தால் நன்றாகவா இருக்கும்?

மொத்தம் 700 ரூபாய், 200 முன்பணம். "அடுத்த வாரம் மீதிப் பணத்தோட வந்து வாங்கிக்கிறேண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தது ஆனி மாசம். மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள், குறுவை, அறுவடை, நெல் கொள்முதலுக்குக் காத்துக் கிடந்தது, உடனே சம்பா நடவு. நான் போய் நின்றது ஐப்பசியில். மனுஷர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மழைச் சாரல் படாமல் பாலித்தீன் சுற்றி மேல் தட்டில் வைத்திருந்தார், எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

வேலை அருமை. எந்தப் பக்கத்தில் பிரித்து வைத்தாலும் மடங்காமல் கிடக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து யோவான் 13-ஐப் பிரித்தேன், தூக்கிவாரிப் போட்டது. ஓரத்தைச் சமப்படுத்துகிறேன் என்று கட்டிங் மெஷினில் கொடுத்திருக்கிறார். மூன்று மில்லிமீட்டர்தான் போயிருக்கும். அப்பாயி அந்த ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது, 'முழுக்கு ஒரு தடவை, கால் தினமும்'. இப்போது 'கால் தின' என்று நிற்கிறது.

அந்த ஐந்து சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. சின்ன வயசில் எனக்கு ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறோம், ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) பாவமன்னிப்பு கூறுகிறார். சரி, முடிந்தது. அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே அறிக்கை, அதே மன்னிப்பு. போன வாரம் கொடுத்தது என்ன ஆச்சு, காலாவதி ஆகிவிட்டதா? அப்பாயி அப்போது நடவு முடிந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். "காலையில குளிச்சிட்டுத்தானடா வயலுக்குப் போனேன்? இப்ப மறுபடியுமா குளிக்கிறேன்? சேறு ஒட்டுனது கால்ல. அதைக் கழுவாம அடுப்படிக்குள்ள வர முடியுமா?" அவ்வளவுதான் பதில். யோவான் 13-ல் இயேசு காலைக் கழுவ வரும்போது சீஷன் பேதுரு முதலில் வேண்டவே வேண்டாம் என்கிறான், அப்புறம் தலையையும் கையையும் சேர்த்துக் கழுவச் சொல்கிறான். அதற்கு இயேசு, முழுகினவன் தன் கால்களை மாத்திரம் கழுவினால் போதும் என்கிறார். அப்பாயி எடுத்துக்கொண்டது அந்த இடத்தை. ஞானஸ்நானம் ஒரு தடவை. கடவுளின் பிள்ளை என்ற உறவு சேறு ஒட்டியதால் போய்விடாது. ஆனால் சேறு தினமும் ஒட்டும், டெல்டாவில் இருக்கிறவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1517-ல், எங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் எழுதிய 95 வாக்கியங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுக்க மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பதுதான். அப்பாயிக்கு அந்தப் பட்டியலெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அப்படிப்பட்ட குறிப்பை வெட்டிவிட்டால்? கோபத்தில் அன்றைக்கு ராத்திரியே ஒரு ஸ்டார். 'பழைய புத்தகத்தின் அருமை தெரியாதவர்' என்றுகூட எழுதினேன்.

அந்த ஞாயிறு பிரசங்கம் மத்தேயு 18. ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனின் தொண்டையைப் பிடித்த கதை. ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. பெஞ்சில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டேன். அவனுக்குத் தள்ளுபடி ஆனது ஆறு கோடி நாள் கூலி. அவன் தொண்டையைப் பிடித்தது நூறு நாள் கூலிக்கு. நம்ம ஊர் நூறு நாள் வேலை அளவுக்கு ஒரு கணக்கு! பக்கத்தில் என் மனைவி, "அந்தக் கடைக்காரர் அஞ்சு மாசம் உங்க புத்தகத்தை வச்சிருந்தாரே, அதுக்கு எத்தனை ஸ்டார்?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள், முன் பெஞ்சுக்கும் கேட்டது.

உடனே போனேன் என்று நினைக்காதீர்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். போன நாள் கார்த்திகை 1. அன்றைக்கு என்ன விசேஷம் என்று பஸ் நகராமல் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது, முடவன் முழுக்கு. ஐப்பசிக் கடைசி நாள் காவிரியில் கடைமுழுக்கு, அதற்கு அடுத்த நாள் இது. கடைக்காரர் காவிரித் துலாக் கட்டத்தில் முழுகிவிட்டு ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார். "கடைமுழுக்கு நேத்தே முடிஞ்சுதேண்ணே?" என்றேன். "நேத்து வேலை தம்பி. லேட்டா வர்றவனுக்குன்னு சாமி ஒரு நாள் விட்டுவச்சிருக்காருல்ல" என்றார். ஐப்பசி பூராவும் நடந்து நடந்து, மாசம் முடிந்தபிறகு வந்து சேர்ந்த கால் ஊனமுற்ற பக்தனுக்காக ஈசன் ஒரு நாள் நீட்டிக் கொடுத்த கதை இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவர் சாமியும் என் கிருபையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் லேட்டாக வந்தவன் என்ற வார்த்தை என்மேலும் விழுந்தது, அதுதான் விஷயம்.

ஸ்டார் போட்டது நான்தான் என்று சொன்னேன். அவருக்குத் தெரியவே தெரியாது, அவர் போனில் அதெல்லாம் வராதாம். அப்புறம் ஓரக் குறிப்பைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "தப்பு என்னுதுதான் தம்பி. வெட்டுறதுக்கு முன்னாடி புரட்டிப் பாத்திருக்கணும்" என்றார். வெட்டிய துண்டுகள் கிடைக்குமா? மூட்டையை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார். ஆக அந்த 'மும்' போனது போனதுதான். மன்னித்துவிட்டதால் அது திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளவில்லை, இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் பிரித்தால் லேசாக வலிக்கும். அடுத்த நொடியே அவரை மறுபடி மன்னிக்கவேண்டியிருக்கும். அதே மத்தேயு 18-ல் ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னது நானூற்றுத் தொண்ணூறு தனித்தனித் தப்புக்கு என்று நினைத்திருந்தேன், ஒரே தப்புக்கே அத்தனையும் செலவாகிவிடும் போலிருக்கிறது.

இவர் மன்னித்துவிடுவார் என்ற தைரியத்தில் நான் இன்னும் ஐந்து மாசம் இழுத்தடிக்கலாமா என்று கேட்டால், கிருபை இருக்கிறதே என்று பாவத்தில் நிற்கலாமா என்ற கேள்வியை அப்போஸ்தலன் பவுல் ரோமர் 6-ல் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்: கூடாதே.

தை மாசம் அப்பாவின் பழைய ஞானப்பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். இந்தத் தடவை ஓரத்தை வெட்டவே இல்லை, பக்கங்கள் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன, பார்க்கவே அழகு. கருப்பு ரெக்சின் கேட்டிருந்தேன், மெரூன் போட்டுவிட்டார். சுள்ளென்று ஒரு வார்த்தை விட்டேன், பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

நாலு ஸ்டார். ஒன்றைக் குறைத்தது ஓரத்துக்காக இல்லை, சொன்ன தேதிக்கு அவர் ஒரு தடவையும் தருவதில்லை, அதற்கு. (நான் சொல்லக்கூடாதுதான்.) ஓரத்தில் பென்சில் எழுத்து இருந்தால் கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள், அந்தப் பக்கங்களில் துண்டுச்சீட்டு வைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. பணமாக எடுத்துப் போங்கள். ஞாயிறு லீவு. மதியம் 2 மணியிலிருந்து 4 வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். குனிந்து கூப்பிட்டால் எழுந்து வந்துவிடுவார், ஆனால் கூப்பிடாதீர்கள், பாவம் தூங்கட்டும்.