பத்து டாலர் டிக்கெட், டெக்சாஸில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் பார்த்த ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆட்டத்துக்கு (நம்ம ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால்) ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அந்த ஒன்றை எதற்குக் குறைத்தேன் என்று பின்னால் வருகிறேன். பார்க்கிங்குக்காக இல்லை, பார்க்கிங்கும் மோசம்தான்.

டல்லாஸுக்கு வடக்கே காலின் கவுண்டிக்கு நாங்கள் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது, அதற்கு முன் ஒன்பது வருஷம் பாஸ்டன் பக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஊரே ஒரே திசையில் கார் ஓட்டிக்கொண்டு போவதை மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், உள்ளே போனதில்லை. ஏழாவது படிக்கும் பையன் "எல்லாரும் போறாங்கப்பா, நாம மட்டும்தான் வீட்ல இருக்கோம்" என்று நச்சரித்ததால் இந்த அக்டோபரில் ஒரு ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆட்டத்துக்கு மூன்று டிக்கெட் வாங்கினேன், ஆளுக்குப் பத்து டாலர். எந்த ஸ்டேடியம் என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் குறை சொல்லப்போகிறேன், இன்னும் இரண்டு வருஷத்தில் பையன் அந்தப் பள்ளியில்தான் சேர வேண்டும்.

டிக்கெட் போனில்தான், வாசலில் காசு வாங்குவதில்லை. கைப்பை என்றால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பையாக இருக்க வேண்டுமாம். இது எங்களுக்குத் தெரியாது. மனைவியின் பையைத் திரும்ப காரில் வைத்துவிட்டு வர இருபது நிமிஷம் ஆனது, அவ்வளவு தூரத்தில்தான் இடம் கிடைத்திருந்தது, அதற்குள் இரண்டு டச் டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது, போய்விட்டது. உள்ளே அலுமினிய பெஞ்ச். முதுகுக்கு ஒன்றும் கிடையாது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் மெத்தை கொண்டுவந்திருந்தார்கள், நாங்கள் மட்டும் கல்யாண வீட்டுக்கு அழையாமல் போனவர்கள் மாதிரி விளிம்பில் உட்கார்ந்திருந்தோம்.

சாப்பாடு: ஃப்ரிட்டோ பை என்று ஒன்று விற்கிறார்கள். சிப்ஸ் பாக்கெட்டைக் கத்தரித்து அதன் மேலேயே சுடச்சுட சில்லியையும் சீஸையும் ஊற்றி, ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனைச் செருகிக் கையில் கொடுத்துவிடுவார்கள். தட்டு கிடையாது, பாக்கெட்டே தட்டு. சில்லியில் மாட்டிறைச்சி இருக்கும், சாப்பிடாதவர்கள் கவனிக்கவும், எங்களுக்கு நாச்சோஸும் ஊறுகாய் வெள்ளரியும்தான். அந்த சீஸ் சாஸில் பால் எந்த அளவுக்கு இருக்கிறது என்று ஆராயாமல் சாப்பிட்டால் நன்றாகவே இருக்கிறது. வரிசை மட்டும் ரேஷன் கடை வரிசை.

நாங்கள் போனது ஹோம்கமிங் வாரம், பழைய மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பி வரும் கொண்டாட்டம். பெண் பிள்ளைகள் நெஞ்சில் ஒரு பெரிய செயற்கைச் செவ்வந்தியைக் குத்தியிருந்தார்கள், அதிலிருந்து முழங்கால் வரை ரிப்பன், ரிப்பனில் மணி, மணிக்கு நடுவே கரடி பொம்மை. நடந்தால் ஜல்ஜல் என்று சத்தம். மனைவி பார்த்துவிட்டு "அம்மன் தேர் மாதிரி இருக்கு" என்றாள். இதற்கு மட்டும் நூற்றுக்கணக்கான டாலர் செலவு செய்கிற வீடுகள் இருக்கின்றன.

சரி, ஆட்டம். விதிகள் எனக்குப் பாதிதான் தெரியும், ஆனால் பதினாறு வயதுப் பையன் ஒருவன் நாற்பது கஜம் எறிந்த பந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த இன்னொருவனின் கையில் போய் உட்கார்ந்ததைப் பார்க்க விதி தெரிய வேண்டியதில்லை. பாஸ்டன் பக்கத்திலும் ஸ்கூல் ஃபுட்பால் உண்டு, தாங்க்ஸ்கிவிங் காலையில் பக்கத்து ஊரோடு ஆடுவது அங்கே நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட வழக்கம், அதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அதுவும் ஆட்டம்தான், இதுவும் ஆட்டம்தான், ஆனால் தெருவில் ஆடும் கிரிக்கெட்டுக்கும் சேப்பாக்கத்துக்கும் உள்ள தூரம். ஒரே நாடு, ஒரே வயசுப் பையன்கள், ஏன் இப்படி?

எனக்கு முன்வரிசையில் தொப்பி போட்ட ஒரு தாத்தா. பேரன் லைன்மேன், அதாவது எதிரணியோடு நேருக்கு நேர் முட்டி மோதுகிறவன், வயசு பதினாறு, எடை நூற்று இருபது கிலோவுக்கு மேல். இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டேன். "தண்ணியில ஏதோ இருக்கு" என்று சிரித்தார். அடுத்த இரண்டு மணி நேரத்தில் அவரே சொன்னதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பள்ளியின் டைம்டேபிளில் இருக்கிறது விஷயம்.

போன பிப்ரவரியில் பையனுக்கு ஏழாவதுக்கான பாடத் தேர்வுப் படிவம் வந்தபோது அதில் கணக்கு, அறிவியல் வரிசையில் 'அத்லெட்டிக்ஸ்' என்று ஒரு கட்டம் இருந்தது, நான் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். பள்ளி நேரத்துக்குள்ளேயே, தினமும், மதிப்பெண்ணோடு, ஒரு பீரியட் முழுக்க பயிற்சி. நான் படித்த பள்ளியில் பி.டி. பீரியட் என்று ஒன்று இருந்தது, அதை வாரா வாரம் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிவிடுவார், திருப்பிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. இங்கே ஃபுட்பால் பீரியடைக் கடன் கேட்க எந்தக் கணக்கு டீச்சருக்கும் தைரியம் வராது.

அப்புறம் கோச். டெக்சாஸ் பள்ளி விளையாட்டுகளை நூறு வருஷத்துக்கும் மேலாக நடத்திவரும் யுஐஎல் என்கிற அமைப்பின் விதிப்படி, அரசுப் பள்ளியின் தலைமை கோச் பள்ளி நிர்வாகத்தின் முழுநேர ஊழியராக இருக்க வேண்டும். வேறு பல மாநிலங்களில் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் விசிலோடு வருகிறவர்தான் கோச், சீசனுக்குச் சிறு தொகை கொடுப்பார்கள். இங்கே பெரிய பள்ளியின் தலைமை கோச்சுக்கு வருஷத்துக்கு லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் சாதாரணம், அவருக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர். மிடில் ஸ்கூல் பையன்களும் பெரும்பாலும் ஹைஸ்கூல் அணியின் ஆட்ட முறையையே கற்றுக்கொள்கிறார்கள், அதனால் ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது சைகை முதற்கொண்டு அத்துப்படி. வசந்த காலத்திலும் பெரிய பள்ளிகளுக்குப் பயிற்சி நடத்த அனுமதி உண்டு, ஃபுளோரிடா, ஜார்ஜியா, அலபாமாவிலும் அப்படித்தான். மார்ச்சில் நாங்கள் பாஸ்டனில் பனி வாரிக்கொண்டிருப்போம்.

காசும் இருக்கிறது, அதை மறைக்க முடியாது. சொத்து வரி பில் வந்தால் பள்ளி வரி இரண்டாகப் பிரிந்திருக்கும், அன்றாடச் செலவுக்கு எம் அண்ட் ஓ, கடன் பத்திரத்துக்கு ஐ அண்ட் எஸ். வசதியான ஊர்களின் முதல் பங்கில் ஒரு பகுதியை ஏழைப் பள்ளிகளுக்காக மாநிலம் எடுத்துக்கொள்ளும், ராபின் ஹுட் சட்டம் என்று 1993-ல் வந்தது. இரண்டாவதில் கை வைக்க முடியாது. ஆகவே முதல் பங்கில் டீச்சர் சம்பளத்தை உயர்த்துவதை விட இரண்டாவதில் ஸ்டேடியம் கட்டுவது சுலபம். எங்கள் கவுண்டியிலேயே ஆலன் நகரம் 2012-ல் சுமார் 60 மில்லியன் டாலரில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தைத் திறந்தது, இரண்டே வருஷத்தில் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடி, சரிசெய்து 2015-ல் மறுபடி திறந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஆலன் பள்ளியில் கைலர் மர்ரி குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவராக, ஆரம்பித்த 42 ஆட்டத்தில் ஒன்றைக்கூடத் தோற்கவில்லை, 2019-ல் என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீக்கின் அணிகள் புது ஆட்களைப் பொறுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு, ஓ, காசுதான் காரணம் என்று முடிவுகட்டி வீட்டுக்கு வந்தேன். அடுத்த இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து படித்ததில் அந்த முடிவு ஓட்டை விழுந்துவிட்டது.

ஜனத்தொகையில் முப்பது லட்சத்தைக்கூட எட்டாத மிசிசிப்பி, அமெரிக்காவின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்று, அங்கே ஒரு என்எஃப்எல் அணியும் கிடையாது. என்எஃப்எல்லின் பெரும் நட்சத்திரங்களான வால்டர் பேட்டன், ஜெர்ரி ரைஸ், பிரெட் ஃபார்வ் மூன்று பேரும் அந்த மண். என்எஃப்எல்லுக்கு ஆள் அனுப்பும் மொத்தக் கணக்கில் டெக்சாஸ், ஃபுளோரிடா, கலிஃபோர்னியா முன்னால் நிற்கும், ஆனால் ஜனத்தொகையால் வகுத்தால் லூசியானா, அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா எல்லாம் மேலே ஏறிவிடும், கலிஃபோர்னியா கீழே இறங்கிவிடும். இரண்டு கோடி பேர் இருக்கும் நியூயார்க் இருக்கிற இடமே தெரியாது.

ஃபுளோரிடாவில் ஓகிசோபி ஏரிக்கரையில் பெல் கிளேட், பஹோக்கி என்று இரண்டு சிறு ஊர்கள், கரும்புக்காடு, கறுப்பு மண், வறுமை. அறுவடைக்கு முன் கரும்புத் தோகையைக் கொளுத்துவார்கள், தீக்கு பயந்து முயல்கள் வெளியே பாயும், பையன்கள் அவற்றைத் துரத்திப் பிடிப்பார்கள், அந்த ஓட்டத்தில்தான் கால் வேகம் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். முயல் கதையை நான் முழுசாக நம்பவில்லை, முயல் எல்லா ஊரிலும் ஓடுகிறது. ஆனால் என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில், 2009-ல், ஜெயித்த டச் டவுனைப் பிடித்த சான்டோனியோ ஹோம்ஸ் பெல் கிளேட் பள்ளி, எதிரணியில் நின்ற ஆன்குவான் போல்டின் பஹோக்கி பள்ளி. பக்கத்துப் பக்கத்து ஊர். இதற்கு எந்தக் கடன் பத்திரம் காரணம்?

டெக்சாஸிலேயே இன்னொரு கதை இருக்கிறது, தொப்பித் தாத்தா அதைச் சொல்லவில்லை. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளை யுஐஎல் 1960-களின் பிற்பாதி வரை சேர்த்துக்கொள்ளவே இல்லை. அவர்களுக்குப் பிரெய்ரி வியூ என்ற பெயரில் தனி லீக், 1970 வரை நடந்தது. வெள்ளிக்கிழமை ஸ்டேடியம் வெள்ளையர் பள்ளிக்கு, ஆகவே இவர்கள் பல ஊர்களில் புதன், வியாழனில் ஆடினார்கள், பழைய உடுப்பு, பழைய பந்து. டெம்பிள் ஊரின் டன்பார் பள்ளியிலிருந்து ஜோ கிரீன், லஃப்கின் ஊரின் டன்பார் பள்ளியிலிருந்து கென் ஹூஸ்டன், இருவருமே ஆட்டத்தின் மகத்தானவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் பட்டியலில் இருப்பவர்கள். நான் உட்கார்ந்து நாச்சோஸ் தின்ற வெள்ளிக்கிழமைக்கு இப்படி ஒரு வியாழக்கிழமை இருந்திருக்கிறது.

ஆக எனக்குத் தோன்றுவது: காசு பின்னால் வந்து சேர்ந்துகொள்வது. ஊரிலேயே வேகமான பையன் எந்த ஆட்டத்துக்குப் போகிறான் என்பதுதான் முதல் கேள்வி. வடக்கே அவன் ஹாக்கிக்குப் போவான், நியூயார்க் நகரத்தில் பாஸ்கெட்பாலுக்குப் போவான், அங்கே நூறு கஜ மைதானத்துக்கு இடம் ஏது? தெற்கே யோசிக்கவே மாட்டான், அண்ணன் ஆடினான், மாமா ஆடினார், சர்ச்சில் பாஸ்டர்கூட நேற்றைய ஆட்டத்தைப் பற்றித்தான் ஆரம்பிப்பார். அதோடு ஊரும் நிலைக்க வேண்டும். மேற்கு பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்று ஒரு எஃகு ஆலை ஊர், என்எஃப்எல் நட்சத்திரங்கள் மைக் டிட்கா, டை லா, டேரல் ரெவிஸ் மூவரும் அந்த ஒரே பள்ளி. புகழ்பெற்ற குவாட்டர்பேக்குகள் நமாத், மோன்டானா, மரீனோ எல்லோரும் அந்த வட்டாரம்தான். ஆலைகள் மூடின, ஜனம் கிளம்பிப் போனது, கணிசமான பேர் தெற்கு நோக்கித்தான். அந்த வட்டாரத்திலிருந்து முன்போல ஆட்கள் வருவதில்லை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. ஹைஸ்கூல் பையன்களின் திறமைக்கு நட்சத்திரம் போடும் ஒரு இணையதளத்துக்கு மாதச் சந்தா கட்டிப் பார்த்தேன், பெயர் வேண்டாம், காசு தண்டம். காலேஜ் கோச்சுகள் எந்த ஊருக்கு விமானம் ஏறுகிறார்களோ அந்த ஊர்ப் பையன்களுக்கே நட்சத்திரம் விழுகிறது என்று எனக்கொரு எண்ணம். கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற விவசாய ஊரில் வளர்ந்து பின்னால் என்எஃப்எல் நட்சத்திரமான ஜாஷ் ஆலனுக்கு ஹைஸ்கூல் முடிக்கும்போது பெரிய காலேஜ் ஒன்றுகூட இடம் கொடுக்கவில்லை. வளர்ப்பது வேறு, கண்ணில் படுவது வேறு, இரண்டும் ஒரே பட்டியலில் கலந்துகிடக்கிறது.

சரி, அந்த ஒரு நட்சத்திரம். மூன்றாவது குவார்ட்டரில் ஒரு பையன் கீழே விழுந்து எழுந்திருக்கவில்லை. இரண்டு அணிப் பிள்ளைகளும் அவரவர் இடத்திலேயே ஒரு முழங்காலில் உட்கார்ந்தார்கள், ஸ்டேடியமே அமைதி, எங்கோ ஒரு குழந்தை அழுவது மட்டும் கேட்டது. கை அசைத்துக்கொண்டே வண்டியில் ஏறிப் போனான், எல்லோரும் கை தட்டினார்கள், அரை நிமிஷத்தில் பேண்ட் மறுபடி வாசிக்க ஆரம்பித்துவிட்டது. மனைவி அதற்குப் பிறகு மைதானத்தைப் பார்க்கவே இல்லை. ஹைஸ்கூலில் ஆடுகிறவர்களில் காலேஜ் அணி வரை போவது பெரிய காலேஜ், சின்னக் காலேஜ் எல்லாம் சேர்த்து நூற்றுக்கு ஏழு பேர் அளவுதான், மிச்சப் பேருக்கு இந்த முழங்காலும் இந்தத் தலையும்தான் கடைசி வரை. தாத்தாவிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை, அவர் பேரன் அந்த நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

போக நினைப்பவர்களுக்கு: சொந்த அணிப் பக்கத்தில் உட்காருங்கள், எங்கள் ஸ்டேடியத்தில் அதுதான் மேற்கு, வெயில் முதுகில் அடிக்கும், எதிர்ப்பக்கம் என்றால் சூரியன் மறையும் வரை கண் கூசும். மெத்தை கட்டாயம். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, ஃப்ரிட்டோ பையை வேடிக்கைக்கு ஒன்று வாங்குங்கள். ஹாஃப் டைமில் எழுந்து போய்விடாதீர்கள், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பேண்ட் வாசித்துக்கொண்டே வரிசை மாறுவதைப் பார்க்க மட்டுமே பத்து டாலர் தரலாம்.

என் பையன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இந்த வருஷம் எடுத்திருப்பது கிளாரினெட், அவன் அம்மாவின் தேர்வு. திரும்பி வரும்போது காரில் ஸ்கோர் என்னவென்று கேட்டேன், தெரியவில்லை, ஆனால் டிரம் வரிசையில் இரண்டாவதாக நின்றவன் ஒரு இடத்தில் தப்பாக அடித்தானாம். நவம்பர் பிளேஆஃபுக்கு மறுபடி மூன்று டிக்கெட் போட்டிருக்கிறேன், கைப்பை இல்லாமல்.