மூன்று வருட எல்எல்பி: படித்து முடித்தவன் சொல்வது

டிகிரி முடித்துவிட்டு எல்எல்பி சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இது. 2022-இல் தமிழ்நாட்டில் ஓர் அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்து 2025-இல் முடித்தேன்.

வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓரிரு பேராசிரியர்கள் அருமை. சில பாடங்களுக்கு செமஸ்டர் பாதி போன பிறகுதான் ஆளே வந்தார். 70 சதவீத அட்டென்டன்ஸ் என்பது வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி; அதற்காகவே உட்கார்ந்திருந்த மத்தியானங்கள் நிறைய. கைடு படித்தே பாஸ் ஆகிவிடலாம். ஆனால் பேர் ஆக்டை, அதாவது சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள புத்தகத்தை விரித்து, பிரிவுக்குக் கீழே இருக்கும் விளக்கம், விதிவிலக்கு வரை வரிவரியாகப் படித்தவர்கள்தான் வைவாவில் (வாய்மொழித் தேர்வு) திணறவில்லை.

எங்கள் பேட்சுக்கு இன்னொரு கூத்தும் நடந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தை உருப்போட்டு பரீட்சையும் எழுதி முடித்தோம். 2024 ஜூலை 1-இல் அதற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்குப் பிரிவு 302 போய் 103, மோசடிக்கு 420 போய் 318. புதுச் சட்டத்தில் 302-ஐப் புரட்டினால் மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு பற்றி இருக்கிறது. சரி, பழையதை மறந்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. அந்தத் தேதிக்கு முன்பு நடந்த குற்றத்துக்கு இன்றும் பழைய பிரிவுதான்.

இந்தப் படிப்பில் உருப்படியானது என்றால் கோர்ட்டுக்கே போய் வழக்குகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் கோர்ட் அப்சர்வேஷன்தான். கல்லூரியில் நடத்தும் மாதிரி நீதிமன்றமான மூட் கோர்ட்டில் நீதிபதியாக உட்காருபவர் நாம் பேசுவதைப் பொறுமையாகக் கேட்பார். முன்சீப் கோர்ட்டில் காலை பத்தரைக்கு வழக்குகளைக் கூப்பிட ஆரம்பித்தால் ஒரு வழக்குக் கட்டுக்கு அரை நிமிடம்கூட ஆகாது: பெயர், வாய்தா தேதி, அடுத்தது. சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 17, விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்கிறது. நான் குறிப்பெடுத்த பாகப்பிரிவினை வழக்கின் கட்டையோ இரண்டு கையாலும்தான் தூக்க வேண்டும். அந்த விதி இருந்தும் கட்டு இவ்வளவு பெருத்தது எப்படி என்று விளக்கியவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. வாதி இறந்துபோனதால் வாரிசுகளைச் சேர்க்க ஒரு மனு, இடத்தை அளக்க கமிஷனர் கேட்டு ஒரு மனு, எக்ஸ்பார்ட்டி டிக்ரியை (ஒரு தரப்பு வராததால் கொடுத்த தீர்ப்பு) ரத்து செய்ய ஒரு மனு, ஒவ்வொன்றுக்கும் எதிர்த்தரப்பின் கவுன்டர் (பதில் மனு), அதற்குத் தனித்தனி வாய்தா. "மெயின் கேஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை தம்பி" என்றார். எனக்கு சிவில் நடைமுறை பிடிபட்டது அவரிடம்தான். சீக்கிரமே ஒரு சீனியர் ஆபீசில் ஒட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

படிப்பு முடிந்ததும் என்ரோல்மென்ட், அதாவது பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்வது. 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பால் அதன் கட்டணம் 750 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 125. அப்புறம், வக்கீல் தொழில் செய்யத் தேறியாக வேண்டிய அகில இந்திய பார் தேர்வு. பேர் ஆக்ட் வைத்தே எழுதலாம், பயப்பட வேண்டாம்.

பணம்தான் சிக்கல். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் பேட்சில் நான் விசாரித்தவரை பலருக்கும் பஸ் காசும் மதியச் சாப்பாடும்தான். வீட்டில் இரண்டு வருடமாவது தாங்குவார்களா என்று பார்த்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.