ஒரே வளவு, ஐந்து கலர் ரோல்கள்

செட்டிநாட்டு வீடு ஒன்றைக் கலர் பிலிமில் எடுக்க நினைப்பவர், எந்த ரோலை வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன் அந்த வீட்டின் வெளிச்சத்தை ஒருமுறை அளந்து பார்த்துவிடுவது நல்லது. நண்பகலில் வளவு எனப்படும் நடுமுற்றப் பகுதியின் நடுவே விழும் வெயிலுக்கும் தூண்களுக்குப் பின்னால் தாழ்வாரத்தில் தங்கும் நிழலுக்கும் மூன்று ஸ்டாப் வேறுபாடு இருக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்காவது). இரண்டாம் கட்டின் அறைக்குள் போய்விட்டால் அது எட்டு, ஒன்பது ஸ்டாப்பாக வளர்ந்துவிடும். மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரின் வெள்ளையும், பர்மா தேக்குத் தூணின் கருமையும், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் பெரும்பாலும் ஒரே சட்டத்துக்குள் வந்து நிற்கும். கானாடுகாத்தானில் உறவினர் வீடொன்றில், ஒரே கேமராவையும் ஒரே 50 மி.மீ. லென்ஸையும் வைத்துக்கொண்டு, கோடாக்கின் கோல்டு 200, எக்டார் 100, போர்ட்ரா 400 ஆகியவற்றையும், சினிஸ்டில் 800டி, எக்டாக்ரோம் ஈ100 ஆகியவற்றையும் நான் ஓட்டிப் பார்த்தது இந்த மூன்று நிறங்களுக்காகத்தான். பெயரிலுள்ள எண் பிலிமின் வேகம்; எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்.

நான் விசாரித்த காரைக்குடி ஸ்டுடியோக்களில் கலர் ரோல் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் வெளியூரிலிருந்து கூரியரில்தான் வரவழைத்தேன். வந்த ரோலைக் கோடையில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, எடுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே, டப்பாவைத் திறக்காமல் வெளியே வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிலிமின் மேல் ஈரம் படியும்.

ஒப்பீட்டில் இறங்கும் முன் ஒரு எச்சரிக்கை அவசியம். முதல் முறை ரோல்களைக் கழுவக் கொடுத்த லேபில் ஸ்கேனரின் தானியங்கித் திருத்தத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். கோல்டின் சிவப்பும் எக்டாரின் சிவப்பும் அக்காள் தங்கை போல ஒன்றாகத் திரும்பி வந்தன. நெகட்டிவில் இருப்பது ஆரஞ்சுத் திரைக்குப் பின்னால் தலைகீழாகப் பதிந்த நிறம். அதை நேராக்குபவர் ஸ்கேன் செய்பவர். திருத்தம் எதுவும் வேண்டாம், எல்லா ரோலுக்கும் ஒரே அமைப்பு போதும் என்று எழுதிக் கொடுத்து மறுபடி ஸ்கேன் செய்த பிறகே வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரிந்தன. கீழே சொல்பவை அந்த இரண்டாம் ஸ்கேனைப் பார்த்து எழுதியவை.

கோல்டு 200 வெயிலுக்குப் பிறந்த பிலிம். முகப்பின் சுதை உருவங்களையும் தெருவின் நீண்ட மதிலையும் அது இளமஞ்சள் சாயலோடு தருகிறது. வெள்ளைச் சுவர் லேசாக வெண்ணெய் நிறம் கொள்வது இந்த ஊருக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஒரு ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் கொடுத்தாலும் தாங்கிக்கொள்ளும். வெளிச்சம் குறைந்தால்தான் தொல்லை: தாழ்வாரத்தின் நிழல் சேறுபோலக் கலங்கி, தேக்குத் தூணின் இழைகள் அதற்குள் காணாமல் போயின. இவற்றுள் விலை குறைந்தது இதுவே என்பதால், புதிதாகத் தொடங்குபவர் கை பழக இதையே வாங்கலாம்.

2008இல் வெளிவந்த எக்டார் 100, படத்தில் தெரியும் துகள் மிக நுண்மையாகவும் நிறம் மிக அடர்த்தியாகவும் அமைந்த நெகட்டிவ் பிலிம். ஆத்தங்குடியில் கல் செய்யும் பட்டறை ஒன்றில் இதைப் பயன்படுத்தினேன். அங்கே கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, அதன் கண்ணறைகளில் நிறம் கலந்த சிமெண்ட் கூழை ஒவ்வொன்றாக ஊற்றி, அச்சைத் தூக்கியபின் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி நிரப்புகிறார்கள். ஈரம் மாறாத அந்தச் சிவப்புக்கும் பச்சைக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டை எக்டார் காட்டியதுபோல வேறெந்த நெகட்டிவும் காட்டவில்லை. ஆனால் ஊற்றுகிறவரின் முகமும் கைகளும் அதே படத்தில் செங்கல் நிறமாகிவிட்டன. நிழலில் நின்ற வெள்ளைச் சுவர் நீலம் பாரித்தது. மனிதர் இருக்கும் சட்டத்துக்கு எக்டாரை நான் இனிப் போட மாட்டேன்.

வீட்டின் உட்புறத்துக்கு என் தேர்வு, தயக்கமில்லாமல், போர்ட்ரா 400. இரண்டாம் கட்டில், ஜன்னல் வெளிச்சம் மட்டும் இருந்த இடத்தில், லென்ஸின் எஃப் 2 துளையில் எக்டார் ஒரு விநாடியில் 15இல் ஒரு பங்கு நேரம் கேட்டது. போர்ட்ரா 60இல் ஒரு பங்கோடு திருப்தியடைந்தது. முன்னதற்கு ட்ரைபாட் வேண்டும், பின்னதற்குக் கையே போதும். கண்டாங்கிச் சேலை உடுத்தி, தாழ்வாரத்தில் ஓலைக் கொட்டான் முடைந்துகொண்டிருந்த ஆச்சியை நிழலுக்கு அளந்து எடுத்தேன். பின்னால் வளவின் நடுவே அடித்த வெயில் மூன்று ஸ்டாப் மிகுந்திருந்தும் தரையின் கல் வரிசை அழியாமல் நின்றது. அவர் தோலின் மாநிறம் சிவக்கவும் இல்லை, மஞ்சளிக்கவும் இல்லை. ஆத்தங்குடிச் சிவப்பு மட்டும் எக்டாரில் கண்டதைவிட அடங்கியே இருந்தது. விலை கோல்டைவிட நன்றாகவே கூடுதல் என்பதால், வெயிலில் தெருவை எடுப்பதற்கு இதைச் செலவழிப்பது வீண்.

800டி வேறு வேலைக்கானது. கோடாக்கின் சினிமா பிலிமிலிருந்து பின்புறக் கரிப்பூச்சை நீக்கி, கலர் நெகட்டிவுக்கான சாதாரண சி-41 முறையில் கழுவும்படி செய்யப்பட்டது. அந்தப் பூச்சு இல்லாததால் விளக்குகளைச் சுற்றிச் சிவப்பு வளையம் படர்கிறது. 3200 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறையக் குறையச் செம்மை கூடும்) விளக்கொளிக்குச் சமன் செய்யப்பட்டதால், பழைய குண்டு பல்பின் கீழ் பட்டாலையின் (கூடத்தின்) சுவர் வெள்ளையாகவே வந்தது. குத்துவிளக்கின் சுடர் அதைவிடவும் செம்மையானது, ஏறக்குறைய 1900 கெல்வின். ஆகவே அது இதிலும் பொன்னிறமாகவே பதிந்தது, அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பகலில் லென்ஸில் நிற வடிகட்டி இல்லாமல் எடுத்தால் எல்லாம் நீலம்தான்.

2012இல் நிறுத்தப்பட்டு 2018இல் திரும்பி வந்த எக்டாக்ரோம், நெகட்டிவ் அல்ல, ஸ்லைடு பிலிம்; அரை ஸ்டாப் பிழையையும் எளிதில் மன்னிக்காது. வெயில்பட்ட சுவர் வெறும் வெளுப்பாகிப் போன சட்டங்கள் என்னிடம் பல. சி-41 கழுவும் எல்லா லேபும் ஸ்லைடுக்கான ஈ-6 முறையில் கழுவுவதில்லை என்பதால் காத்திருப்பும் நீளம். ஆனால் இதில் ஸ்கேன் செய்பவரின் கைவண்ணத்துக்கு இடமில்லை. நிறம் பிலிமிலேயே நேராக இருக்கிறது. வந்த ஸ்லைடுகளில் ஒன்றை ஆச்சியிடம் கொடுத்தேன். அவர் வளவின் வெளிச்சத்துக்கு நேரே அதைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தம் சேலையின் அரக்குக் கரையைச் சேலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, "இது சரியா இருக்கு தம்பி, அந்த இன்னொண்ணுல வெளுத்துப்போச்சு" என்றார். அந்த இன்னொன்று போர்ட்ரா.